பெடல் படுத்துக்குது: ஒரு பட்டறைக் கிண்டலும் இரண்டு படங்களும்

மாட்டுப் பொங்கல் அன்று திண்டுக்கல்லில் லேத் பட்டறைகள் திறந்திருக்காது. நாங்கள் போன பட்டறையையும் திறந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஷட்டரைப் பாதி மட்டும் ஏற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனோம். ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனத்தின் தடம் லேத்தில் இன்னும் இருந்தது. நடுவில், சக்கரங்கள் கழற்றப்பட்டு, இரும்பு ஸ்டாண்ட் மேல் எங்கள் கார்.

கார் என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். இரும்புக் குழாய்களை வெல்டு வைத்துச் செய்த ஒரு கூடு, முதுகில் கேடிஎம் பைக்கின் 373 சிசி இன்ஜின், முன்னால் ஒரு ஆள் படுத்தமாதிரி உட்கார இடம். பொறியியல் கல்லூரி மாணவர்களே ரேஸ் காரை வடிவமைத்து, செய்து, ஓட்டிக் காட்டும் ஃபார்முலா பாரத் போட்டி, கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரிக் கடைசியில் நடக்கும். ஆகவே இந்த வேலையில் இருக்கும் எல்லாக் கல்லூரிப் பையன்களுக்கும் பொங்கல் லீவு என்பது லீவு இல்லை. எங்களுக்குப் பத்து நாள் பாக்கி இருந்தது.

அன்று பட்டறையில் பத்துப் பேர் இருந்திருப்போம். நாங்கள் ஆறு பேர். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லீவுக்கு வந்திருந்த இரண்டு சீனியர்கள். பட்டறைக்குச் சொந்தக்காரரான லேத் அண்ணன். பக்கத்துச் சந்தில் பூட்டு செய்கிற ஒரு பெரியவர். ஆளுக்கொரு துண்டு கரும்பு. வேலை கொஞ்சம், பேச்சு நிறைய.

"ஏன்டா மாப்ள, நம்பர் பிளேட்டே காணோம்? தள்ளிக்கிட்டுப் போறதுக்கு எதுக்குன்னு விட்டுட்டீங்களா?" என்று சீனியர் ஆரம்பித்தார். போட்டியில் பிரேக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு, வேகமாக வந்து மிதித்தால் நான்கு சக்கரமும் சுற்றாமல் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் பெரியவருக்கு விளக்கினேன். அவர் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, "பூட்டணும்னா எங்கிட்டல்ல வந்திருக்கணும்? ஆளுக்கொரு மாங்காப் பூட்டு, நாலு சக்கரத்துக்கு நாலு. சாவியக் கொண்டாந்து வீட்ல வச்சிட்டாப் போச்சு" என்றார். திண்டுக்கல்காரனைப் பூட்டை வைத்துக் கிண்டல் செய்யாத ஊர் இல்லை. உள்ளூரிலேயே அதைக் கேட்டது அன்றுதான்.

அப்போது லேத் அண்ணன் குனிந்து, பிரேக் பெடலை உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"தம்பி, வண்டி நிக்கிதோ இல்லையோ, பெடல் படுத்துக்குது. வெண்பொங்கல் சாப்ட்ட ஆளு மாதிரி."

அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். நான் சிரித்துக்கொண்டே, "அண்ணே, அது ரெண்டாயிரம் நியூட்டன் தாங்கும். ஒடையாது" என்றேன்.

"ஒடையும்னு யாருப்பா சொன்னா? படுத்துக்கும்னுதான சொன்னேன்."

மறுபடி சிரிப்பு. பேச்சு ஜல்லிக்கட்டுக்குப் போய்விட்டது.

*

அந்தப் பதிலில் ஒரு முழுப் பாடம் இருந்தது. நான்கு வருடம் படித்தும் எனக்கு அது கேட்கவில்லை.

போட்டி விதியில், பிரேக் பெடலும் அது பொருத்தப்பட்ட இடமும் 2000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. கிட்டத்தட்ட இருநூறு கிலோ எடையை அதன்மேல் ஏற்றிவைப்பதற்குச் சமம். நாங்கள் அதைக் கணினியில் கணக்குப் போட்டு, சிவப்பு வராமல் நீலமும் பச்சையுமாக வந்த படத்தை வடிவமைப்பு அறிக்கையில் ஒட்டியிருந்தோம். எடையைக் குறைக்க, பெடலைத் தாங்கும் அடித்தகட்டை இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாற்றியிருந்தோம். உடையாது என்பது சரி. நல்ல அலுமினியக் கலவை சாதாரண இரும்புக்கு நிகரான உறுதியைத் தரும். ஆனால் அதன் விறைப்பு இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவில் செய்தால் அதே விசைக்கு மூன்று மடங்கு வளையும். உடைவது வேறு, வளைவது வேறு. உறுதி வேறு, விறைப்பு வேறு. இரண்டாம் ஆண்டுப் பாடம் இது. லேத் அண்ணன் இதைத்தான் "ஒடையாது, படுத்துக்கும்" என்று ஒரு வரியில் சொன்னார்.

செட்டிப்பாளையத்தில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெடல் அளவுக்கு மீறி உள்ளே போனால் வண்டியை அணைத்துவிடும் ஒரு சுவிட்ச் பெடலுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பது விதி. பிரேக் பழுதானால் காப்பாற்றுவதற்காக வைத்தது. ஓட்டிய பையன் முழுப் பலத்தோடு மிதித்தான். தகடு வளைந்தது, பெடல் படுத்தது, சுவிட்சைத் தொட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொள்வதற்கு முன்னால் இன்ஜின் அணைந்துவிட்டது. இன்ஜின் அணையக்கூடாது என்பதும் விதி. மூன்று முறை முயன்றோம், மூன்று முறையும் அதேதான். பிரேக் டெஸ்டில் தேறாத வண்டி ஓடுதளத்தில் இறங்க முடியாது. மொத்தம் 1000 புள்ளியில் ஓட்டிக்காட்டுவதற்கான 675 அங்கேயே போனது. மிச்சமிருந்தது அறிக்கைக்கும் பேச்சுக்குமான 325. ஒரு வருட வேலை ஒரு சுற்றுக்கூட ஓடாமல் டெம்போவில் ஏறி பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாக வீடு திரும்பியது. ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை டெம்போவில் யாரும் பேசவில்லை. அதன்பிறகு ஒருத்தன் மெதுவாக, "பூட்டு ஊர்க்காரய்ங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

*

இந்தக் கதையை இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம் இரண்டு சினிமாக்கள். இரண்டுமே பட்டறையில் வண்டி செய்பவர்களைப் பற்றியவை. சென்ற பொங்கல் லீவில் இரண்டையும் அடுத்தடுத்த நாளில் மறுபடி பார்த்தேன். வண்டியைவிட என் காது பேச்சின்மேல்தான் இருந்தது. யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள்? அந்தக் கிண்டலை யார் காதில் வாங்குகிறார்கள்?

முதலாவது, ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கி 2019-இல் வந்த 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி'. 1966-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் ஃபெராரியை ஃபோர்டு தோற்கடித்த கதை. கரோல் ஷெல்பி, கென் மைல்ஸ் என்ற இருவர் அந்தக் காரைப் பழக்கி எடுக்கிறார்கள். கருவிகளும் கம்பிகளுமாகக் காரில் ஏற்றியிருக்கும் கணினியைத் தூக்கிவிட்டு, கம்பளி நூல் துண்டுகளைக் கார் உடம்பெங்கும் ஒட்டி, காற்று எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. எங்கள் நீலப்பச்சைப் படத்தை நினைத்துக்கொண்டு அந்த இடத்தில் வெட்கப்பட்டேன்.

மைல்ஸுக்கு வாய் அதிகம். ஃபோர்டின் புதுக் காரைப் பற்றி ஃபோர்டு அதிகாரியின் முகத்துக்கு நேரே நக்கலடிக்கிறார். கம்பெனிக்கு அவரைப் பிடிக்காமல் போவதற்கு அந்த வாய்தான் காரணம் என்று படம் சொல்கிறது. இதுவரை சரி. ஆனால் படத்தில் புத்திசாலித்தனமான வாய் மைல்ஸுக்கு மட்டும்தான் இருக்கிறது, போனால் போகிறது என்று ஷெல்பிக்கும் கொஞ்சம். பட்டறையில் சுற்றி நிற்கும் மெக்கானிக்குகள் சிரிக்கிறார்கள், ஓடி ஸ்பானர் எடுத்துத் தருகிறார்கள், தலையாட்டுகிறார்கள். அவர்களில் எவரும் மைல்ஸைப் பார்த்து "நீ சொல்றது தப்பு" என்பதை ஒரு கிண்டலாகக்கூடச் சொல்வதில்லை. கதாநாயகன் கிண்டல் செய்தால் அது வசனம். அதற்குக் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அதனால் கதாநாயகனுக்கு எதுவும் புரியப்போவதில்லை. நான் அறிந்த பட்டறையில் கிண்டல் எதிர்த்திசையில் ஓடும். வண்டிக்குச் சொந்தக்காரனாகத் தன்னை நினைத்துக்கொள்பவன்தான் அங்கே அதிகம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அந்தத் திசையைச் சரியாகப் பிடித்த படம், 2005-இல் வந்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்'. தலைப்பைப் பார்த்து நம்ம ஆள் யாரோ என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. 'இந்தியன்' என்பது அமெரிக்க பைக் கம்பெனி. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்ற ஊரில் ஒரு ஷெட்டில் வாழ்ந்த பர்ட் மன்ரோ என்பவர், 1920-ஆம் வருடத்து இந்தியன் ஸ்கவுட் பைக் ஒன்றை வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றிச் செய்தார். பழைய உலோகத்தை உருக்கி பிஸ்டனைத் தானே வார்த்தார். 1967-இல், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளியில் மணிக்கு 183 மைலைத் தாண்டி, 1000 சிசி-க்கு உட்பட்ட பிரிவில் சாதனை வைத்தார். இயக்குநர் ரோஜர் டொனால்ட்சன் 1971-இலேயே அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தவர். முப்பது வருடத்துக்கு மேல் மனதில் வைத்திருந்து கதைப்படமாக எடுத்தார். ஆந்தனி ஹாப்கின்ஸ் மன்ரோவாக நடித்தார்.

இந்தப் படத்தில் மன்ரோ பெரும்பாலும் கிண்டலுக்கு ஆளாகிறவர். விடிகாலையில் இன்ஜினை உறுமவிடும் கிழவனை அக்கம்பக்கம் திட்டுகிறது. பக்கத்து வீட்டுச் சிறுவன் கேள்வி கேட்டுத் துளைக்கிறான். லெதர் ஜாக்கெட் போட்ட இளவட்டம் ஒன்று வம்புக்கு வந்து, கடற்கரையில் அவரோடு பந்தயம் விடுகிறது. அவர் அமெரிக்காவுக்குக் கிளம்பும் நாளில் அதே கும்பல் வழியில் வந்து நின்று செலவுக்குப் பணம் தருகிறது. கிண்டல் அன்பாக மாறியது என்று இதை எழுதிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நாளே அது கவனம்தான். வேலை செய்யும் மனிதனை உற்றுப் பார்க்காமல் ஒருவரால் நல்ல கிண்டல் செய்ய முடியாது.

பான்வில்லில் தொழில்நுட்பச் சோதனை நடக்கும் காட்சியில் நான் சிரித்து முடிக்கும்போது தொண்டை அடைத்திருந்தது. அதிகாரிகள் அந்த பைக்கைச் சுற்றி வருகிறார்கள். பாராசூட் இல்லை. ஒழுங்கான பிரேக் இல்லை. டயரின் பள்ளங்களைக் கறிவெட்டும் கத்தியால் சீவி எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர்கள் முகத்தில் வியப்பும் நக்கலும் ஏறுகின்றன. ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாமே சரியான கேள்விகள். செட்டிப்பாளையத்தில் எங்கள் வண்டியைச் சுற்றி வந்தவர்கள் கேட்டது போலவே.

ஆனாலும் படம் ஒரு இடத்தில் நமக்குப் பொருந்தாமல் போகிறது. மன்ரோவுக்கு மூளையும் கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. அமெச்சூர் என்றால் தானே கனவு கண்டு தானே ராவுகிறவன் என்பது அந்த ஊர்ப் பழக்கம். நம் ஊரில் கனவு காண்பவன் ஒருவன், ராவுகிறவர் இன்னொருவர். டிராயிங் எங்களுடையது, லேத் அண்ணனுடையது கை. அறிக்கையில் எங்கள் ஆறு பேருடைய பெயரும் இருந்தது. வடிவமைப்புத் தேர்வில் நடுவர் முன்னால் நின்று, ஏன் அலுமினியம் என்று ஆங்கிலத்தில் விளக்கியவர்கள் நாங்கள். அந்தத் தகட்டைத் துளையிட்டு, விளிம்பைத் தேய்த்து, கையில் பிடித்துப் பார்த்தபோதே "இது மெத்துனு இருக்கே" என்று அறிந்தவர் திண்டுக்கல்லில் யாருக்கோ மோட்டார் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தார்.

அவருக்கு எங்களிடம் வந்து "உங்க டிசைன் தப்பு" என்று சொல்லும் இடம் இல்லை. நாங்கள் காசு கொடுத்து வேலை வாங்குகிற, இன்ஜினியருக்குப் படிக்கிற தம்பிகள். அவர் எட்டாவதோடு நின்றவர். அவருக்கு இருந்த ஒரே வழி கிண்டல். வெண்பொங்கல் சாப்பிட்ட ஆள் மாதிரி என்று சொன்னால் யாருக்கும் கோபம் வராது, சொன்னமாதிரியும் இருக்கும். கேட்கத் தெரிந்தவன் கேட்டுக்கொள்ளட்டும். நான் சிரித்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

*

நாங்கள் தோற்ற ஓடுதளத்தின் பெயரிலேயே இந்தக் கதையின் இன்னொரு பக்கம் இருக்கிறது. கரி என்பது கோவை எஸ். கரிவரதன். மில் குடும்பத்தில் பிறந்தவர், சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர், ரேஸ் கார்களைச் செய்தவர். சோழவரம் என்பது சென்னைக்கு வடக்கே, உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதை. பல வருடம் தென்னிந்திய மோட்டார் பந்தயம் அங்கேதான் நடந்தது. மாருதி 800 இன்ஜினை வைத்து, நடுத்தரக் குடும்பத்துப் பையனும் எட்டிப்பிடிக்கக்கூடிய ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கரிவரதன் 1980-களின் கடைசியில் கொண்டுவந்தார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டியதும் அந்த வகைக் கார்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். 2003-இல் திறந்த ஓடுதளத்துக்கு அவர் பெயர்.

அந்தப் பெயருக்கு அவர் முழுத் தகுதியானவர். ஆனால் ஓடுதளத்துக்கு ஒருவர் பெயரைத்தான் வைக்க முடியும். கோவையில் ரேஸ் கார் பிறந்ததற்கு அந்த ஊரின் வார்ப்படசாலைகளும் லேத்துகளும், மில்லுக்கு உதிரிப் பாகம் செய்து பழகிய கைகளும்தான் நிலம். அந்தக் கைகளுக்கும் வாய் இருந்திருக்கும். டீ குடிக்கும்போது எதையாவது பார்த்து எதையாவது சொல்லியிருப்பார்கள். மோட்டார் பந்தயத்தின் வரலாறு ஜெயித்த நேரத்தையும் ஓட்டியவர் பெயரையும் வைத்திருக்கிறது. டீ நேரத்துப் பேச்சை வைத்திருப்பதில்லை.

நம் இலக்கியமும் வைத்திருப்பது குறைவு. வயல் பேச்சு உண்டு, கடல் பேச்சு உண்டு, தறிப் பேச்சும் உண்டு. பாலகுமாரன் 'இரும்புக் குதிரைகள்' நாவலில் லாரி உலகத்தை எழுதினார். எம். கோபாலகிருஷ்ணன் 'மணல் கடிகை'யில் திருப்பூர்ப் பனியன் தொழிலை எழுதினார். ஆனால் ஒரு இயந்திரத்தைச் சுற்றி நின்று நான்கு பேர் பேசும்போது அந்தப் பேச்சே எப்படி வேலையின் ஒரு பகுதியாகிறது என்பதைப் படித்த ஞாபகம் எனக்கு அதிகம் இல்லை. நம் சினிமாவில் மெக்கானிக் என்றால் கன்னத்தில் ஒரு தீற்றல் கிரீஸ். ஸ்பானர் கையில் இருக்கும், எந்த நட்டையும் முடுக்காது.

*

கிண்டலைப் புனிதமாக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம் எனக்கே உண்டு. ஆகவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்.

அதே பொங்கலுக்கு முந்தைய வாரம், இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் இடப்பக்க மரையை வலப்பக்கமாகத் திருப்பி, ஒரு நட்டைக் கெடுத்துவிட்டான். அவனுக்கு 'நட்டு' என்று பெயர் வைத்தோம். கேண்டீனில், ஹாஸ்டலில், பெண்கள் இருக்கும்போது, எல்லா இடத்திலும் நட்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் அதன்பிறகு பட்டறைப் பக்கம் வரவில்லை. அவன் வராததையும் வைத்து ஒரு ஜோக் சொன்னோம். அதைச் சொன்னது நான்தான்.

இரண்டும் கிண்டல்தான். ஆனால் லேத் அண்ணன் பெடலைச் சொன்னார், நாங்கள் ஆளைச் சொன்னோம். அவர் தன்னைவிட மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டவர்களிடம் சொன்னார். நாங்கள் கீழே இருந்தவனிடம் சொன்னோம். அவருடையதைக் கேட்டிருந்தால் வண்டி ஓடியிருக்கும். எங்களுடையதைக் கேட்டவன் போய்விட்டான். கிண்டலை எடைபோட எனக்கு இதைவிட நல்ல தராசு கிடைக்கவில்லை. 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' பளபளப்பாக இருந்தும் அதில் எனக்கு ஏதோ குறைவதற்கும், சாதாரணமாக எடுக்கப்பட்ட மன்ரோ படம் மனதில் நிற்பதற்கும் காரணம் இதே தராசுதான். ஒன்றில் கிண்டல் கதாநாயகனின் ஆயுதம். மற்றதில் கதாநாயகன் அதை வாங்கிக்கொள்கிறார், சில சமயம் அதிலிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறார்.

இப்போது நான் செய்வது மென்பொருள் வேலை. ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எல்லோரும் நாசூக்காக எழுதுகிறோம்: நன்றாக இருக்கிறது, ஒரு சின்ன யோசனை, தவறாக நினைக்க வேண்டாம். யாரும் புண்படுவதில்லை. பிழைகளும் பத்திரமாக வாடிக்கையாளர் வரை போய்ச் சேருகின்றன. எங்கள் குழுவில் சோதனைப் பிரிவுப் பெண் ஒருவர், இந்த ஸ்கிரீன் திறப்பதற்குள் ஒரு பிரியாணி தம் போட்டுவிடலாம் என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் இடத்துக்குப் போய், "எந்த ஸ்கிரீன், எத்தனை பேர் இருக்கும்போது?" என்று கேட்டேன். அந்தப் பழக்கத்துக்கு நான் கொடுத்த விலை 675 புள்ளி.

*

சென்ற பொங்கலுக்கும் அந்தப் பட்டறைக்குப் போனேன். இப்போது நான் லீவுக்கு வந்த சீனியர். ஸ்டாண்ட் மேல் வேறு ஒரு வண்டி, பேட்டரியில் ஓடுவது. இன்ஜின் இருந்த இடத்தில் ஆரஞ்சு நிற ஒயர்கள். டீமில் இரண்டு பெண்கள். பூட்டுப் பெரியவர் இப்போது இல்லை. லேத் அண்ணனுக்கு முடி நரைத்திருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறார்.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்து இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினார்.

"பாப்பா, இது நம்ம சிறுமலை ரோட்டுக்குச் செஞ்சதா? கையி திரும்பி ரெண்டு நிமிசம் கழிச்சில்ல சக்கரம் திரும்புது. பதினெட்டுக் கொண்டை ஊசிக்கும் கீழருந்தே திருப்பிக்கிட்டுப் போகணும் போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீயரிங்குக்குப் பொறுப்பான பெண்ணும் சிரித்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் அவள் கரும்பைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தாள். "அண்ணே, நீங்க மறுபடி ஆட்டுங்க. எந்த ஜாயிண்ட்ல லூஸுன்னு நான் கைய வச்சுப் பாக்குறேன்."

அண்ணன் ஆட்டினார்.